எட்டாம் எண் வீட்டுக் கதவு

பசித்த பிள்ளையைப் பார்த்து எவரேனும் சிரிப்பாரா? மாட்டோம் என்றே நாம் அனைவரும் சொல்வோம். ஆயினும் மெக்சிகோ நாட்டில் உருவாகி, இலத்தீன் அமெரிக்க நாடுகளை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிரிக்க வைத்திருக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகன், பசியோடு திரியும் ஓர் அனாதைச் சிறுவன். தொடரின் பெயர் 'எல் சாபோ தெல் ஓச்சோ'. 'எட்டாம் எண்ணுக்குரிய பையன்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். நகரத்து நெருக்கடியில் ஒரே கட்டடத்தில், ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் அண்டை வீட்டார் சிலரின் கதை அது.

எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓட, விடுமுறைக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தேன். முதல் இரண்டு நாள்கள் அவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் மகள் வயிற்றுப் பேத்தி என் பக்கம் திரும்பி, "நன்னா, அந்தப் பையனுக்கு ஏன் யாருமே சோறு போட மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரை அதன் பிறகு எழுந்தது.

முதலில் அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மெக்சிகோ நகரின் பழைய பகுதியில் ஸ்பானியர் ஆட்சிக் காலத்துச் செல்வர்கள் கட்டிய பெரிய மாளிகைகள் பல இருந்தன. நடுவே திறந்த முற்றம். அதனைச் சுற்றி அறைகள். காலப்போக்கில் செல்வர்கள் புதிய பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. துணி துவைக்கும் கல் பொது, தண்ணீர் பொது, சண்டையும் பொது. அம்மக்கள் இதனை 'வெசிந்தாத்' என்கின்றனர். நம் வழக்கில் ஒண்டுக்குடித்தனம் என்றால் வாசகர்க்கு உடனே விளங்கிவிடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், அந்நகரின் வாடகைகளை உயர்த்தக் கூடாதென அரசு ஆணையிட்டது. 1948-இல் அந்த ஆணை கால வரையறை இன்றி நீட்டிக்கப்பட்டது. குடியிருந்தோர் பிழைத்தனர். வாடகை ஏறாத கட்டடத்தைப் பழுதுபார்க்க உடைமையாளர்க்கு மனம் வரவில்லை. ஆகவே சுவர்கள் உதிர்ந்தன, மனிதர்கள் நிலைத்தனர். இந்தத் தொடரில் வரும் வீட்டு வாடகைத் தகராற்றைப் பார்க்கும்போது இப்பின்னணியை நினைவில் கொள்வது நல்லது.

இத்தகைய ஒண்டுக்குடித்தனங்களைப் பற்றி முன்னரே ஒரு நூல் வந்து, நாட்டையே கலக்கியிருந்தது. ஆஸ்கர் லூயிஸ் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், ஒரு தந்தையும் அவருடைய பிள்ளைகளும் தம் வாயால் சொன்ன வாழ்க்கையை 'சாஞ்செஸின் பிள்ளைகள்' என்ற பெயரில் 1961-இல் வெளியிட்டார். அதன் ஸ்பானியப் பதிப்பு வெளிவந்தபின், நாட்டை இழிவுபடுத்துகிறது, ஆபாசமாக இருக்கிறது என்றெல்லாம் 1965-இல் முறையீடு எழுந்தது. முறையீடு நிற்கவில்லை, ஆனால் அதனை வெளியிட்ட அரசு சார்ந்த பதிப்பகத்தின் தலைவர் பதவியிழந்தார். ஏழைகளின் முற்றத்தில் நடப்பதை உள்ளபடி சொன்னதற்கு இந்தத் தண்டனை. ஆறே ஆண்டுகளில் அதே முற்றம் தொலைக்காட்சிக்கு வந்தது. இம்முறை எவரும் கோபப்படவில்லை. சிரிப்பு வேடம் பூண்டு வந்தால் எந்த உண்மைக்கும் வாசல் திறக்கும் போலும்.

அவ்வேடத்தைப் புனைந்தவர் ரொபெர்தோ கோமெஸ் பொலான்யோஸ். 1929-இல் பிறந்தவர். பொறியியல் பயிலத் தொடங்கி, அதை முடிக்காமல் விளம்பரம் எழுதும் வேலைக்குப் போய், அங்கிருந்து வானொலிக்கும் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் எழுத வந்தவர். குள்ளமான உருவம். எழுத்துத் திறனைக் கண்ட ஓர் இயக்குநர் 'குட்டி ஷேக்ஸ்பியர்' என்னும் பொருளில் 'செஸ்பிரீத்தோ' என்று பெயரிட, அப்பெயரே நிலைத்தது. 1971-இல் தம் நிகழ்ச்சியில் ஒரு சிறு காட்சியாக இச்சிறுவனை அறிமுகப்படுத்தினார். பூங்காவில் பலூன் விற்பவனோடு ஒரு பையன் வாயாடுகிறான், அவ்வளவுதான். 1973-இல் அது தனித் தொடராயிற்று. 1980 ஜனவரி வரை அவ்வாறே நடந்து, பின்னர் 1992 வரை வேறொரு நிகழ்ச்சியின் பகுதியாகத் தொடர்ந்தது. எட்டு வயதுப் பையனாக நடித்தவர் பொலான்யோஸே. தொடங்கும்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. நிறுத்தும்போது அறுபத்து மூன்று.

பெரியவர்கள் சிறுவராக நடிப்பதைச் சிலர் குறையாகக் கூறுவர். எனக்கு அது தேவை என்றே தோன்றுகிறது. உண்மையான எட்டு வயதுக் குழந்தை ஒன்று அந்தத் தலைக்குட்டுகளை வாங்கி, பசியால் துவண்டு நிற்பதை எவரால் அரை மணி நேரம் பார்க்க இயலும்? நரை தொடங்கிய முகத்தில் புள்ளி புள்ளியாய் மச்சம் வரைந்து, காதை மறைக்கும் குல்லாயும் தோளில் பட்டையும் அணிந்து வருகின்ற ஆளைப் பார்க்கும்போது, 'இது நாடகந்தான்' என்று மனம் ஆறுதல் கொள்கிறது. சிரிப்புக்கான அனுமதி அங்கே கிடைக்கிறது.

முற்றத்து மனிதர்களைப் பார்ப்போம். எழுபத்திரண்டாம் எண்ணில் தோன் ராமோன்; மனைவியை இழந்தவர், மகள் சிலிந்திரினாவோடு வசிக்கிறார். நிலையான வேலை கிடையாது. முடிதிருத்துவார், செருப்புத் தைப்பார், சுண்ணாம்பு அடிப்பார், ஒன்றிலும் நீடிக்க மாட்டார். பதினான்கு மாத வாடகை பாக்கி. பதினான்காம் எண்ணில் தோனியா ஃபுளோரிந்தா. கடற்படைத் தலைவர் ஒருவரின் விதவை, தலையில் எந்நேரமும் சுருட்டு ஊசிகள். அவருடைய மகன் கீக்கோ, கன்னம் உப்பிய செல்லப்பிள்ளை, கைநிறைய விளையாட்டுப் பொருள்கள். எழுபத்தொன்றாம் எண்ணில் மணமாகாமல் முதிர்ந்த குளோதில்தே என்ற மாது. பிள்ளைகள் அவரைச் சூனியக்காரி என்கின்றனர். பூங்கொத்தோடு ஃபுளோரிந்தாவைக் காண வரும் நெட்டையான பள்ளி ஆசிரியர் ஹிரஃபாலெஸ். வாடகை வாங்க வரும் வீட்டு உடைமையாளர் செனியோர் பர்ரீகா. அச்சொல்லுக்கே தொந்தி என்றுதான் பொருள். இவர்களுக்கு நடுவே, முற்றத்தில் கிடக்கும் மரப்பீப்பாய்க்குள் புகுந்துகொள்ளும் நம் பையன். பீப்பாய் வீடன்று, ஒளிந்து அழும் இடம். தான் எட்டாம் எண் வீட்டில் இருப்பதாக அவன் சொல்கிறான். அவனுக்குப் பெயர் இல்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எவரேனும் குறுக்கிட்டு விடுகின்றனர்.

ஃபுளோரிந்தாவின் பெருமையைக் கவனிக்க வேண்டும். அவரும் அதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறார், அதே முற்றத்துக் கொடியில்தான் துணி காயப் போடுகிறார். இருந்தும் மகனிடம், இந்தக் கும்பலோடு சேராதே என்று சொல்லாத நாளில்லை. வறுமைக்குள்ளேயே ஒரு படி மேலே நிற்பதாக எண்ணிக்கொள்ளும் இந்த மனநிலையை மெக்சிகோவுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை.

ஏறத்தாழ ஒவ்வொரு பகுதியிலும் நடப்பது இது. கீக்கோவுக்கு ஏதோ ஒன்று நேர்கிறது. சுவரில் முகம் பதித்து அழுகிறான். தாய் வெளியே வருகிறார். விசாரணை ஏதுமின்றித் தோன் ராமோனின் கன்னத்தில் ஓர் அறை. பாவம், அவர் பெரும்பாலும் அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தவராக இருப்பார். திருப்பி அடிக்க அவரால் இயலாது. குல்லாயைத் தரையில் எறிந்து மிதிக்கிறார். அந்நேரம் பார்த்துப் பையன் அருகில் வந்து, அவருடைய பாட்டியைப் பற்றி வெகுளியாக ஏதோ கேட்கிறான். அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. பையன் விசும்பிக்கொண்டே பீப்பாய்க்குள் இறங்குகிறான்.

இந்த அளவில் பார்த்தால், அடி மேலிருந்து கீழே வழிந்தோடுகிறது. வலியவர் எளியவரை அடிக்க, எளியவர் தம்மினும் எளியவரை அடிக்கிறார். எல்லா ஊர்களிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் பொலான்யோஸ் அங்கே நிறுத்தவில்லை. பர்ரீகா வாடகை கேட்க உள்ளே கால் வைக்கும்போதெல்லாம், பையன் எறிந்த பந்தோ, வீசிய கோலோ, வேறு ஏதோ ஒன்றோ அவர் மீது வந்து விழுகிறது. வேண்டுமென்றே செய்யவில்லை, ஆனாலும் வேண்டித்தான் செய்தேன் என்று பொருள்படும் ஒரு விசித்திரமான மன்னிப்பைப் பையன் சொல்கிறான். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அவ்வாக்கியம் பழமொழி போல் ஆகிவிட்டது. இங்ஙனம் அடி ஒரு வட்டம் சுற்றி, எல்லோரினும் கீழே உள்ளவனிடமிருந்து எல்லோரினும் மேலே உள்ளவரிடம் போய்ச் சேர்கிறது. மேலும், அங்கேயே நின்றும் விடுகிறது. பர்ரீகா எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு வாடகையைக் கேட்கிறாரே அன்றி, எவரையும் அடிப்பதில்லை.

நெடுநாள் பார்த்த பின்னரே எனக்கு இது புலப்பட்டது. புலப்பட்ட பின் தொடரின் மீதிருந்த மதிப்பு கூடியது.

பதினான்கு மாத வாடகைக்கும் இதே நியாயந்தான். ஆண்டுகள் செல்கின்றன, பாக்கி பதினான்கு மாதமாகவே நிற்கிறது. தோன் ராமோன் ஒளிகிறார், நோய் என்கிறார், மகளை அனுப்பிப் பொய் சொல்லச் செய்கிறார். பர்ரீகா மிரட்டுகிறார், கத்துகிறார். ஆனால் இறுதியில் தெருவில் தள்ளுவதில்லை. கடன்பட்டவன் இடுக்கணில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த கட்டளை. அதனை அறியாத ஒரு நாட்டு நாடகத்தில், தொந்தி பெருத்த ஒரு கேலிப் பாத்திரம் அதனைச் செய்துகொண்டிருக்கிறது. அவருடைய உருவத்தைப் பரிகசிக்கும் வசனங்கள் பகுதிக்குப் பத்து வருகின்றன. அவருடைய பொறுமையைப் புகழும் வசனம் ஒன்றையும் நான் காணவில்லை. அதுவும் சரியே. புகழ்ந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

வீட்டு உடைமையாளனை இவ்வளவு நல்லவனாகக் காட்டுவது செல்வர்க்குப் பூசும் சந்தனம் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இப்போது பசி. பையன் எந்நேரமும் கனவு காண்பது ஒரே ஒரு தின்பண்டத்தை: பன்றித் தொடை இறைச்சி வைத்த ரொட்டி. நமக்கு ஹராமான பொருள். என் வீட்டுப் பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்டு முகம் சுளித்தார்கள். சற்று நேரத்தில் அதை மறந்துவிட்டார்கள். கையில் இருக்கும் உணவைப் பார்க்காமல், அதை நோக்கும் கண்களைப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கீக்கோ அவன் எதிரே நின்று தின்கிறான். பையன் ஒன்றும் கேட்பதில்லை. அவன் வாய் மட்டும் தானாக அசைகிறது. பொலான்யோஸ் எத்தகைய நடிகர் என்பதற்கு இந்த வாய் அசைவு ஒன்றே போதும்.

நோன்பு வைத்துப் பழகிய நாம், பசி என்றால் என்னவென்று அறிவோம் என எண்ணிக்கொள்கிறோம். நம்முடைய பசிக்கு மஃரிபு பாங்கு என்று ஒரு முடிவு உண்டு. அந்த நிச்சயம்தான் பகல் முழுதும் நம்மைத் தாங்குகிறது. பையனுடைய பசிக்கு அப்படியொரு பாங்கு இல்லை. இன்று கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

அண்டை வீட்டார் கொடியவர்களா? அல்லர். தோன் ராமோன் தமக்கே இல்லாத நிலையிலும் பகிர்ந்து கொடுப்பதுண்டு. ஃபுளோரிந்தாவும் சில நாள் தட்டில் எடுத்து வைப்பார். ஆயின் எவர் வீட்டிலும் அவனுக்கென்று ஒரு தட்டு இல்லை. கொடுத்தால் கொடுத்ததுதான், நாளைக்கு என்ற பேச்சில்லை. பேத்தியின் கேள்வி சற்றே பிழையானது என்று பின்னர் உணர்ந்தேன். சோறு போடுகிறார்கள். உட்காரச் சொல்வதுதான் இல்லை.

இரண்டு பகுதிகளைத் தனியே சொல்லாமல் இருக்க முடியாது.

ஒன்றில் முற்றத்துப் பொருள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. சந்தேகம் பையன் மீது விழுகிறது. ஏன் அவன் மீது? ஏழை, கேட்பாரற்றவன்; வேறு காரணம் வேண்டுமா? கள்ளன் என்று எல்லோரும் கூவுகின்றனர். அவன் சிறு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் குறை சொல்லாமல் வெளியேறுகிறான். நகைச்சுவைத் தொடர் என்பதையே மறக்கச் செய்யும் அமைதி அங்கே நிலவுகிறது. பிறகு அவன் குற்றமற்றவன் என்பது தெரிகிறது. அவன் திரும்பி வருகிறான். தங்கள் தேவாலயத்துக்குப் போனதாகவும், அங்கே வேண்டிக்கொண்டதாகவும் சொல்கிறான். கள்ளன் பிடிபட வேண்டும் என்று வேண்டினாயா எனக் கேட்கிறார்கள். இல்லை, அந்தக் கள்ளன் நல்லவனாக வேண்டும் என்று வேண்டினேன் என்கிறான். இதற்குமேல் எவரும் பேசுவதற்கில்லை.

என் வாசிப்பில், பொலான்யோஸ் எழுதியவற்றுள் உயர்ந்தது இவ்விடம். பழி சுமத்தப்பட்டவன் பழி சுமத்தியவர்களை மன்னிப்பது கதைகளில் வழக்கம். பழிக்குக் காரணமான கள்ளனுக்காகவே துஆச் செய்வது அவ்வளவு வழக்கம் அன்று. மேலும் இதனைச் சொல்லும்போது பையனின் குரலில் எந்த உயர்வும் இல்லை. பந்து எங்கே போயிற்று என்று சொல்வது போலச் சொல்கிறான்.

மற்றொன்று 1977-இல் வந்தது. முற்றத்தார் அனைவரும் அகபுல்கோ கடற்கரைக்கு விடுமுறை செல்கின்றனர். ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டியோடு கிளம்புகிறது. முற்றம் காலியாகிறது. பையன் மட்டும் எஞ்சுகிறான். அவனை அழைத்துப்போக மறுத்தார்கள் என்பதில்லை. அழைக்க வேண்டும் என்ற நினைவே எவருக்கும் எழவில்லை. மறுப்பைக் காட்டிலும் இது கொடிது. அப்போது வீட்டு உடைமையாளர் பர்ரீகா வருகிறார். வெறிச்சோடிய முற்றத்தில் தனியே நிற்கும் பையனைப் பார்க்கிறார். தம்மோடு அழைத்துச் செல்கிறார். அடிகள் அனைத்தும் போய் நின்ற அந்த மனிதரிடம்தான் இவனும் போய்ச் சேர்கிறான். கடைசியில் கடலோர இரவில் எல்லோரும் தீயைச் சுற்றி அமர்ந்து பாடுகின்றனர். அந்தப் பாடலைக் கேட்டு அழாத மெக்சிகோக்காரர் இல்லை என்பார்கள். மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் விடுமுறை முடிந்ததும் பையன் மீண்டும் பீப்பாய்க்குத்தான் வருகிறான்.

தொடரின் மீது எனக்குள்ள வழக்கு இதுதான். இருபது ஆண்டுகள் ஒரு சிறுவன் எட்டு வயதிலேயே நிற்கிறான். அவன் பசியும் நிற்கிறது. தொடர் தொடர வேண்டுமானால் அவன் பசித்திருக்க வேண்டும். அவனுக்கு ஒரு வீட்டில் இடம் கிடைத்துவிட்டால் மறுவாரம் நிகழ்ச்சி இல்லை. ஆக, ஆசிரியர் தம் நாயகனை வறுமையிலேயே வைத்துக் காக்கிறார்; நாமும் அவனை அப்படியே காண விரும்பி வாரந்தோறும் வந்து அமர்கிறோம். முற்றத்தார் செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவர்களும் அவனை விரும்புகிறார்கள், விட்டும் வைக்கிறார்கள்.

இத்தொடரை ஒளிபரப்பிய தெலவீசா நிறுவனம், அந்நாட்டை எழுபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து ஆண்ட கட்சிக்கு நெருக்கமானது. அதன் தலைவராயிருந்த எமீலியோ அஸ்கார்ரகா மில்மோ, தம்மை அக்கட்சியின் சிப்பாய் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். 1968 அக்டோபரில் த்லதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு மூன்றாண்டு கழியுமுன் பிறந்த பாத்திரம் இப்பையன். ஏழைகளைப் பற்றிய இந்த நாடகத்தில் அரசாங்கம் என்ற ஒன்று வருவதே இல்லை. பையன் ஏன் பசித்திருக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. வீட்டு உடைமையாளர் நல்லவராக இருந்துவிட்டால் போதும், உலகம் ஒருவாறு நடந்துவிடும் என்ற நினைவு எஞ்சுகிறது. செல்வர்க்குப் பூசும் சந்தனமா என்ற கேள்விக்கு, ஓரளவு ஆம் என்பதே என் விடை.

1977-இல் இக்குழுவினர் சிலி நாட்டுக்குச் சென்று, சந்தியாகோ நகரின் தேசிய விளையாட்டரங்கில் பெருங்கூட்டத்தின் முன் நடித்தனர். 1973-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்து வதைத்த இடம் அதே அரங்கு. நான்கே ஆண்டுகள். அங்கே குழந்தைகள் சிரித்ததில் தவறில்லை. அவர்களைச் சிரிக்க வைக்கப் போன கலைஞர் அந்தத் தரையைச் சிறிது எண்ணியிருக்கலாம் என்று இன்று பலர் கூறுவதிலும் தவறில்லை. பொலான்யோஸ் தம்மை அரசியலுக்கு அப்பாற்பட்டவராகவே கருதினார். பசியைப் பற்றி எழுதுகிறவன் எங்ஙனம் அரசியலுக்கு அப்பாற்பட முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சிறு குறைகளும் உள. பெண் கையால் ஆண் வாங்கும் அறையையும், பெரியவர் கையால் சிறுவன் வாங்கும் குட்டையும் வாராவாரம் சிரிப்பாக்குவது குழந்தைகளுக்கு நல்லதன்று. மணமாகாத மாதைச் சூனியக்காரி என்பது அதனினும் மோசம். அவ்வேடத்தை ஏற்ற ஆஞ்செலினெஸ் ஃபெர்னாந்தெஸ், ஃபிராங்கோவின் ஆட்சியிலிருந்து தப்பி 1947-இல் மெக்சிகோவுக்குப் புகலிடம் தேடி வந்த ஸ்பானிய நடிகை. இளமையில் பேரழகி எனப் பெயர் பெற்றவர். அத்தகையவர் தம் முதுமையை இவ்வளவு கண்ணியத்தோடு கேலிக்கு ஒப்புக்கொடுத்ததைப் பார்க்கையில் கேலி செய்தவர்களே சிறியவர்களாய்த் தெரிகிறார்கள்.

நடிப்பில் தலைசிறந்தவர் யார் என்றால் தோன் ராமோனாக வந்த ராமோன் வால்தேஸ் என்று தயங்காமல் சொல்வேன். ஒல்லியான உடல், பழைய சட்டை, எப்போதும் ஓட ஆயத்தமான கால்கள். அவர் நடிப்பதாகவே தோன்றாது. கடன்காரனின் அச்சத்தையும் தந்தையின் மானத்தையும் ஒரே முகத்தில் வைத்துக் காட்டினார். கீக்கோவாக நடித்த கார்லோஸ் வில்யாக்ரான் 1978-இல் விலகினார். 1979-இல் வால்தேஸும் விலகினார். அதன் பின் முற்றம் பழைய முற்றமாக இல்லை. வால்தேஸ் 1988-இல் காலமானார். ஆஞ்செலினெஸ் 1994-இல் மறைந்தபோது அவர் அடக்கப்பட்ட அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கப்பட்டார். திரையில் எழுபத்தொன்றும் எழுபத்திரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

உண்மையான முற்றங்களின் கதையும் முடிந்துகொண்டிருந்தது. 1985 செப்டம்பர் 19-ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரின் பழைய கட்டடங்கள் பல சிதைந்தன. ஒண்டுக்குடித்தன மக்கள் ஊர்வலம் போய், தாங்கள் வாழ்ந்த பகுதியிலேயே வீடு வேண்டும் என்று நின்றார்கள். அரசு நிலங்களைக் கையகப்படுத்தி 40,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளை எழுப்பித் தந்தது. தொடரில் ஒருநாளும் வாராத அரசாங்கம், இடிபாடுகளுக்கு நடுவில் மக்கள் கூடிக் கேட்டபோது வந்தது. 1992 முதல் வாடகைக் கட்டுப்பாடும் படிப்படியாக நீக்கப்பட்டது.

பொலான்யோஸ் 2014 நவம்பர் 28-ஆம் நாள் மறைந்தார். அஸ்தேகா விளையாட்டரங்கில் அவர் உடலுக்கு மக்கள் இறுதி மரியாதை செலுத்தினர். பல குழந்தைகள் பையனைப் போலவே குல்லாய் அணிந்து வந்திருந்தனர். ஆறாண்டு கழித்து, 2020 ஆகஸ்டு முதல் நாள், தொடர் உலகெங்கும் ஒளிபரப்பிலிருந்து நின்றுபோனது. உரிமை பற்றித் தெலவீசாவுக்கும் குடும்பத்தார்க்கும் உடன்பாடு ஏற்படவில்லை. பதினான்கு மாத பாக்கிக்காக ஒருவரையும் வெளியேற்றாத அந்தக் கட்டடத்திலிருந்து, பணம் ஒத்துவராத காரணத்தால் அனைவரும் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டார்கள். நான்காண்டுகளுக்குப் பின், 2024-இல் தான் திரும்பி வந்தார்கள்.

திரும்பி வந்ததைத்தான் நாங்கள் பார்த்தோம். ஊருக்குப் புறப்படும் முன்னாள் இரவு பேத்தி இன்னொன்று கேட்டாள்: "எட்டாம் நம்பர் வீடு எங்கே நன்னா? அதைக் காட்டவே இல்லையே?" அந்த எட்டு, உண்மையில் தொடர் பிறந்த தொலைக்காட்சி நிலையத்தின் எண் என்பதை அவளுக்குச் சொன்னேன். நிலையம் மாறிய பிறகுதான் எட்டு ஒரு வீட்டு எண்ணாக ஆயிற்று என்றும் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. பார்த்த பகுதிகளையே மறுபடி போட்டுத் தேடினோம். பதினான்காம் எண் கதவு தெரிகிறது. எழுபத்தொன்று தெரிகிறது. மாடிப்படியின் அருகே எழுபத்திரண்டு தெரிகிறது. துணி காயும் கொடி, பீப்பாய், உள்முற்றத்து நீர்த்தொட்டி எல்லாம் இருக்கின்றன. எட்டு இல்லை.